சதுரத்துக்குள் பாடம் இருக்கிறதா?

வா, கண்ணு! உன் அறிவியல் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். பாடம் தொடங்கும் பக்கத்தைத் திருப்பு. ஓர் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னச் சதுரம் தெரிகிறதா? மளிகைக் கடையில் பணம் கட்டுவதற்கு அப்பா அலைபேசியைக் காட்டுவாரே, அதே மாதிரிச் சதுரம்தான். இதற்கு கியூஆர் குறியீடு என்று பெயர்.

தமிழ்நாட்டில் 2018-ல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அந்தப் புத்தகங்களில் இந்தச் சதுரங்களும் இருந்தன. நூலகப் பாடவேளையில் ஆசிரியர் இதற்கு நேரே அலைபேசியைப் பிடித்திருப்பார். ஒரே நொடிதான். திரையில் விதை முளைக்கும் வீடியோ ஓடத் தொடங்கியிருக்கும்.

அப்போது உனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்குமே! "அந்த வீடியோ இந்தச் சதுரத்துக்குள்ளேயா ஒளிந்திருக்கிறது?"

வந்ததா? சபாஷ்! பெரியவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. சதுரத்தைப் பார்த்ததும் அலைபேசியை நீட்டுவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். நாம் அப்படி விட்டுவிட வேண்டாம். யாரிடமும் கேட்காமல், எண்ணிப் பார்த்தே விடை கண்டுபிடிக்கலாம். பென்சிலை நன்றாகக் கூராகச் சீவிக்கொள்.

முதலில் சதுரத்தின் மூலைகளைப் பார். மூன்று மூலைகளில் பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல் ஒரு வடிவம் இருக்கும். அதைக் 'கண்' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணும் ஏழு கட்ட அகலம். அது எப்போதும் ஏழுதான். அந்த அளவை மனசில் வைத்துக்கொண்டு, சதுரத்தின் ஒரு பக்கத்தில் மொத்தம் எத்தனை கட்டம் என்று எண்ணு. அவசரம் இல்லை, மெதுவாகவே எண்ணு.

என்ன வந்தது? 21 வரலாம். 25, 29, 33 என்றும் வரலாம். அளவு நான்கு நான்காகத்தான் கூடும். 22 அல்லது 26 வந்தால் எண்ணிக்கை எங்கோ தவறியிருக்கிறது, இன்னொரு முறை எண்ணு. விஞ்ஞானிகளும் எண்ணியதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பவர்கள்தான்.

பக்கத்துக்கு 21 கட்டம் என்றால் மொத்தம் எவ்வளவு? 21-ஐ 21-ஆல் பெருக்கு. 441 கட்டங்கள். கறுப்புக் கட்டத்தை 1 என்றும் வெள்ளைக் கட்டத்தை 0 என்றும் கணினி படிக்கிறது. அதற்குத் தெரிந்தவை இந்த இரண்டே இரண்டு எண்கள்தான். எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். நம் 'அ'வுக்கு மூன்று பைட் வேண்டும். 'கி' என்று எழுத ஆறு பைட் வேண்டும். 'க'வுக்கு மூன்று, அதன் மேல்விலங்குக்கு மூன்று.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் மேலே போகாதே. திரும்ப ஒரு முறை படித்துவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

இப்போது, இருப்பதிலேயே பெரிய கியூஆர் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கத்தில் 177 கட்டங்கள் இருக்கும். மொத்தம் 31,329. அதில் அதிகபட்சம் 2,953 பைட்தான் வைக்க முடியும். அதாவது 'அ' என்று 984 முறை எழுதலாம். அவ்வளவுதான், இடம் தீர்ந்துவிடும்!

ஒரு நிமிட வீடியோவுக்கோ பல லட்சம் பைட் வேண்டும். படம் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் ஒரு கோடியையும் தாண்டும். உன் புத்தகத்தில் இருப்பதோ மிகச் சிறிய சதுரம். அதற்குள் வீடியோ எப்படி நுழையும்?

விடை கிடைத்துவிட்டதல்லவா? வீடியோ அதற்குள் இல்லை. உள்ளே இருப்பது ஒரு முகவரி மட்டும்தான். பாடம் எங்கோ தொலைவில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் இருக்கிறது. அப்படிப்பட்ட கணினிக்கு சர்வர் என்று பெயர். சதுரத்தில் உள்ள முகவரியைப் படித்து, "இந்தப் பாடத்தை அனுப்பு" என்று அலைபேசி கேட்கிறது. சர்வர் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்புகிறது. துண்டுகள் வந்து சேரச் சேர, அலைபேசி அவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. சில நேரம் வீடியோ நின்று நின்று ஓடுமே, ஏன் தெரியுமா? அடுத்த துண்டு இன்னும் வந்து சேரவில்லை!

நம் பாடப் புத்தகச் சதுரங்கள் கொண்டுபோய் விடும் இடத்தின் பெயர் தீக்‌ஷா. இந்திய அரசு 2017-ல் ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இணையத் தளம் இது. பல மாநிலங்களின் பாடங்களும் இங்கே இருக்கின்றன. தமிழ்ப் பாடங்களும் உண்டு. காசு கட்ட வேண்டியதில்லை.

சரி, இந்தச் சதுரத்தை முதலில் யோசித்தவர் யார்? பள்ளிக்கூடத்துக்காகவா யோசித்தார்? இல்லை, கார் தொழிற்சாலைக்காக!

ஜப்பானில் டென்சோ என்று ஒரு நிறுவனம், கார் உதிரிபாகங்கள் செய்வது. அங்கே பெட்டிகளில் கோடு கோடாக பார்கோடு ஒட்டியிருந்தார்கள். உன் பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கிறதே, அதேதான். ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துகள்தான் கொள்ளும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகள் ஒட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிச் சலித்துப்போனார்கள். இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்றார்கள்.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர். அவருக்கு 'கோ' விளையாட்டு மிகவும் பிடிக்கும். கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ஆட்டம் அது. மதிய இடைவேளையில் அதை ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு யோசனை பிறந்தது. கோடுகளில் செய்தியை ஒரே திசையில்தான் எழுத முடியும். கட்டங்களில் குறுக்கிலும் நெடுக்கிலும் எழுதலாமே! 1994-ல் கியூஆர் குறியீடு வெளிவந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு தாளில் எத்தனையோ எழுத்துகள், படங்கள், கோடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே சதுரம் எங்கே இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஹாராவின் குழு என்ன செய்தது தெரியுமா? துண்டு விளம்பரங்கள், பத்திரிகைகள், அட்டைப் பெட்டிகள் என்று கையில் கிடைத்த அச்சுத் தாள்களையெல்லாம் ஆராய்ந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அரிதாக வருகிறது என்று தேடினார்கள். கண்டுபிடித்தும் விட்டார்கள்.

அது என்ன விகிதம் என்று நீயே பார்த்துவிடலாம். ஒரு 'கண்'ணின் நடுவே பென்சிலை மெல்ல நகர்த்து. கறுப்பு 1 கட்டம். வெள்ளை 1. கறுப்பு 3. வெள்ளை 1. மறுபடி கறுப்பு 1. கூட்டு, ஏழு வருகிறதா? இந்த 1, 1, 3, 1, 1 வரிசை வேறு அச்சுத் தாள்களில் மிக அரிதாகத்தான் வரும். அதனால் கேமரா இதைப் பார்த்தவுடன் "இதோ ஒரு கண்!" என்று பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விடை ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. நாம் மடித்துத் தூக்கிப் போடும் விளம்பரத் தாள்களில் கிடைத்தது. பொறுமையாகப் பார்ப்பதற்கு ஆள்தான் வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வி கேட்கிறேன், யோசித்துச் சொல். மூலைகள் நான்கு. கண்கள் மட்டும் ஏன் மூன்று?

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிப் பார். அப்போதும் வேலை செய்யும்! கண் இல்லாத மூலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எது மேல் எது கீழ் என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும். நான்கு மூலைகளிலும் கண் இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்குமல்லவா? பாவம், குழம்பிப்போகும்.

டென்சோ இன்னொரு நல்ல காரியமும் செய்தது. கியூஆர் குறியீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டுவிட்டது. அதனால்தான் மளிகைக் கடையிலும் உன் பாடப் புத்தகத்திலும் இது இன்று இருக்கிறது.

புத்தகம் நனைந்து, சதுரத்தில் கண்களைத் தவிர்த்து ஓர் இடத்தில் கறை படிந்துவிட்டது என்று வைத்துக்கொள். பாடம் போய்விடுமா? பெரும்பாலும் போகாது. எப்படி என்று சொல்கிறேன்.

மூன்று கூடைகளில் மாம்பழம் இருக்கிறது. தாத்தா ஒரு சீட்டில் 4, 7, 5 என்று எழுதி, கீழே மொத்தம் 16 என்றும் எழுதி அனுப்புகிறார். வழியில் மழை. நடு எண் அழிந்துவிட்டது. 4-ம் 5-ம் தெரிகின்றன, 16-ம் தெரிகிறது. அழிந்த எண் என்ன? ஏழு! மொத்தத்தையும் சேர்த்து எழுதியதால்தானே கண்டுபிடித்தாய்? கியூஆர் குறியீட்டிலும் முகவரியோடு சேர்த்து இப்படிச் சில கூடுதல் எண்களை எழுதி வைக்கிறார்கள். இந்தக் கணக்கு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எந்த எண் கெட்டது என்றே தெரியாவிட்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடும். தேவைக்குத் தக்கபடி 7 முதல் 30 விழுக்காடு வரை சேதமானாலும் படிக்கும்படி அமைக்கலாம்.

இந்தக் கணக்கை 1960-ல் உருவாக்கியவர்கள் இர்விங் ரீடு, கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1986-ல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸ் கோளைப் படம் பிடித்து அனுப்பியதே, அந்தப் படங்கள் வழியில் கெட்டுப்போகாமல் வந்து சேர உதவியதும் இதே கணக்குதான். யுரேனஸுக்கு உதவிய கணக்கு உன் புத்தகப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறது! கொஞ்சம் சேதமானாலும் படிக்கும் என்பதற்காகச் சதுரத்தின் மேல் மீசை வரைந்துவிடாதே. சுற்றிலும் உள்ள வெள்ளை ஓரத்திலும் எழுதாதே. அந்த வெள்ளை இடம் இருந்தால்தான் சதுரம் எங்கே முடிகிறது என்று கேமராவுக்குத் தெரியும்.

"எங்கள் வீட்டில் அந்த மாதிரி அலைபேசி இல்லையே" என்று நினைக்கிறாயா? நினைக்க வேண்டியதில்லை. சதுரத்தின் கீழே பார். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் அச்சிட்டிருக்கும். பள்ளியில் உள்ள கணினியில் தீக்‌ஷா தளத்தைத் திறந்து, அந்த ஆறையும் தட்டச்சு செய்தால் போதும், அதே பாடம் வரும். கேமராவே வேண்டாம். இணையம் அடிக்கடி நின்றுபோகும் ஊராக இருந்தால், இணையம் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் வீடியோவைத் தீக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம். ஆசிரியரிடம் கேள், செய்து தருவார். பள்ளி நூலகத்தில் ஒரு கணினி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே பாடம் ஒரே மாதிரி கிடைக்கும் இடம் அது.

முகவரி கையில் இருந்தால் இன்னும் பல இடங்களுக்குப் போகலாம். கதை பிடிக்குமா உனக்கு? பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் படக் கதைகள் அங்கே இருக்கின்றன, தமிழிலும் ஏராளம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒரு நிலை, சரளமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு நிலை என்று நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிடித்த கதையை இறக்கி அச்சிட்டு நூலகத்தில் வைக்கலாம். வேறு மொழியில் உள்ள கதையை நீயே தமிழில் எழுதவும் செய்யலாம். அதற்கெல்லாம் அனுமதி கொடுத்தே வெளியிட்டிருக்கிறார்கள்.

தொட்டு விளையாடிக் கற்க ஃபெட் என்ற தளம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் பலூனைக் கம்பளிச் சட்டையில் தேய்த்து, சட்டையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். நிஜ பலூனில் கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டங்களை அங்கே படமாகக் காட்டுவார்கள். ஆனால் நிஜ பலூனையும் தலைமுடியில் தேய்த்துப் பார், கண்ணு. திரையில் பார்த்தது மட்டும் போதாது.

ஔவையாரின் ஆத்திசூடி வேண்டுமா? மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் இருக்கிறது. அது 1998-ல் பொங்கல் நாளில் தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அதில் சேர்க்கிறார்கள்.

இலங்கையில் 'நூலகம்' என்றே ஒரு மின்னூலகம் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீ வைத்து எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. ஒரு புத்தகம் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அதற்கு எவ்வளவு பெரிய ஆபத்து, பார்த்தாயா? 2005-ல் தொடங்கிய 'நூலகம்' தளம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. மின்பிரதி இருந்தால் அதைப் பல இடங்களில் நகல் எடுத்து வைக்கலாம். ஓர் இடத்தில் தீப்பிடித்தாலும் இன்னோர் இடத்தில் புத்தகம் பிழைத்திருக்கும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். சதுரத்துக்குள் இருப்பது முகவரி மட்டும்தான் என்று கண்டுபிடித்தோம் அல்லவா? அந்த முகவரி எதுவாகவும் இருக்கலாம்! நல்ல இடத்துக்கும் போகலாம், கெட்ட இடத்துக்கும் போகலாம். வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாச் சதுரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் சுவரிலோ மின்கம்பத்திலோ யாரோ ஒட்டிய சதுரத்துக்கு அலைபேசியைக் காட்டாதே. வேறு சதுரத்துக்குக் காட்டினால், முதலில் முகவரி திரையில் தெரியும். திறப்பதற்கு முன் அதை வாய்விட்டுப் படி. அதில் உள்ள தளத்தின் பெயர் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிந்தால் அது இந்திய அரசின் தளம், அந்த முடிவு மற்றவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. மற்றவற்றுக்கு ஆசிரியரையோ அம்மாவையோ கேட்டுவிட்டுத் திற. உன் முழுப் பெயர், வீட்டு முகவரி, படம், அலைபேசி எண் எதைக் கேட்டாலும் கொடுக்காதே. உடனே பெரியவரைக் கூப்பிடு.

வீடியோவைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. முழுதாக ஓடவிட்டுவிட்டு எழுந்து போனால் பாதி மறந்துவிடும். நடுவில் நிறுத்து. "அடுத்து என்ன நடக்கும்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல். பிறகு ஓடவிடு. நீ சொன்னது நடந்ததா? நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை? அந்த 'ஏன்' எழுந்ததும் நூலக அலமாரிக்குப் போ. வீடியோ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். புத்தகம் உன் வேகத்துக்கு நிற்கும், ஒரே வரியை நான்கு முறை படித்தாலும் கோபித்துக்கொள்ளாது. நான் இரண்டையும் விட மாட்டேன். ஆனால் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதற்குப் புத்தகத்தைத்தான் எடுப்பேன்.

அடுத்த நூலகப் பாடவேளைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. மாங்கொட்டை எத்தனை நாளில் முளைக்கும்? பட்டம் ஏன் வாலோடு பறக்கிறது? எதுவாக இருந்தாலும் சரி. ஆசிரியரிடம் காட்டி, எங்கே தேடலாம் என்று கேள். வீட்டில் அலைபேசி இல்லாத நண்பனையோ தோழியையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். அந்த ஆறு குறிகளை அவர்கள் தட்டச்சு செய்யட்டும், நீ வாசித்துச் சொல்.